எருமைக்குப் போக மீதிக் கீரை

முகாமிலும் விடுதியிலும் கரண்டி பிடிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சமையல் சொல்லிக்கொடுக்க நான் இதை எழுதவில்லை. அளவும் பதமும் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டாலும் இரண்டு முறை கருகினால் வந்துவிடும். நான் சொல்லப்போவது ஒரு கீரையைப் பற்றி. அதைத் தின்றால் என்ன நன்மை என்று கேட்டால் எனக்குப் பட்டியல் போட வராது. அதனால் ஒரு கல்யாணம் நடந்தது என்று மட்டும் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் அப்போதே இல்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். லாரியில் கிளீனராகப் போனேன். அந்த லாரி ஏற்காட்டு மலையில் பழுதாகி நின்ற இடத்திலேயே இறங்கி, ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் சமையல்கட்டு ஆளானேன். பங்களாவுக்குப் பின்னால் ஓடும் தண்ணீரில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு கீரை வளர்த்தார். வாட்டர்கிரெஸ் என்பார். சமையல்கட்டில் நாங்கள் வைத்த பெயர் காரக்கீரை. தண்டு உள்ளே குழலாக இருக்கும். இலைகள் சின்னச் சின்ன வட்டமாக இருபுறமும் வரும், நுனியில் இருப்பது மட்டும் கொஞ்சம் பெரிது. கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டுத் தண்ணீரில் படரும். கடித்தால் கடுகைப் போல மூக்கில் ஏறும். துரை அதை ரொட்டிக்கு நடுவில் வைத்துப் பச்சையாகத் தின்பார். ஆட்டுக்குப் போட வேண்டியதை மனிதன் தின்கிறானே என்று நாங்கள் பின்கட்டில் சிரிப்போம். தலை முழுக்க நரைத்த அந்த வயதிலும் அவர் கரும்பைக் கடித்துத் தின்றார். அதைப் பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை. பிறகு அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன்.

கொல்லிமலையில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்த காலம். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அந்தச் சித்திரையில் அண்டாவோடு நானும் மலை ஏறினேன். மலைமேல் தேவனூர் நாடு என்னும் பகுதியில் ஓர் ஓடைக்கு மேலே தகரக் கொட்டகை. ஆட்கள் எல்லோரும் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர்கள். ஊரில் தினமும் களியும் கூழும் சாப்பிட்டவர்கள் இங்கே வந்ததற்குக் கூலி பாதிக் காரணம், மூன்று வேளையும் நெல்லுச் சோறு என்ற பேச்சு பாதிக் காரணம். கேழ்வரகு என்று வாயெடுத்தாலே கோபித்துக்கொள்வார்கள். வெள்ளைச் சோறு, பருப்பு, புளிக்குழம்பு, மிளகாய் வற்றல். இவ்வளவுதான் என் சமையல். அவர்களும் அதைத்தான் கேட்டார்கள். மழை பிடித்த பிறகு கீழே இருந்து சாமான் தலைச்சுமையாகத்தான் வந்தது. காய்கறி வந்தால் பாதி அழுகி வந்தது. படுக்கை ஈரம், விறகு ஈரம், துணியில் அட்டை. அதெல்லாம் மலையில் வழக்கம், சொல்ல ஒன்றுமில்லை.

ஆனி பிறந்த சமயம் ஆட்கள் காலையில் பல் விளக்கிய சாம்பல் சிவப்பாக விழுந்தது. ஈறு வீங்கியது. கால் வலிக்கிறது, காயம் ஆறவில்லை என்றார்கள். மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மேஸ்திரி முடிவு கட்டினார். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். ரத்தம் நிற்கவில்லை.

எல்லோரையும்விட மோசமானவன் ராசப்பன். பாறையில் வெடிமருந்து வைக்கத் துளை போடும் ஆள். தமர் அடிப்பது என்போம். இரும்புக் கம்பியைப் பிடித்தபடி அவன் சிரிக்கும் சிரிப்பு அடுத்த வளைவு வரைக்கும் கேட்கும். கொட்டைப்பாக்கைப் பல்லாலேயே உடைப்பான். அப்படிப்பட்டவன் ஒருநாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து கூழாக்கி விழுங்குவதைப் பார்த்தேன். என்னடா என்று கேட்டதற்கு, முன்பல்லை விரலால் தொட்டு ஆட்டிக் காட்டினான்.

அவனுக்கு அப்போது பெண் பேசியிருந்தார்கள். சேந்தமங்கலம் பக்கம். சந்தையில் இவன் சிரித்ததைத் தூரத்திலிருந்து பார்த்துத்தான் அந்தப் பெண் சரி என்றாள் என்று கேள்வி. அவளுடைய அப்பா இன்னும் மாப்பிள்ளையைக் கிட்டத்தில் பார்க்கவில்லை. ஆடியில் கல்யாணப் பேச்சுப் பேசமாட்டார்கள் அல்லவா? அதனால் ஆடிப் பதினெட்டுக்கு மலைமேல் சாமி கும்பிட வருகிறவரைப் போல வந்து, வழியில் முகாமில் ஒரு வாய் சாப்பிட்டு, மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

"அதுக்கென்னடா, வரட்டும்" என்றேன்.

"ஏங்கண்ணா, அவரு என்ன தொழில் பண்றாருன்னு தெரியுமுங்களா? மாட்டுத் தரகரு."

அதற்குமேல் அவன் விளக்க வேண்டியிருக்கவில்லை. சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தே வயதையும் வலுவையும் சொல்லுகிற மனிதர். அவர் கண்ணுக்கு முன்னால் ஆடுகிற பல்லோடும் அழுகின ஈறோடும் இவன் உட்கார வேண்டும்.

அன்றைக்கே தண்ணீர் மொள்ள ஓடைக்குப் போனபோது மாடுகள் இறங்கும் துறைக்குக் கீழே அந்தக் கீரையைப் பார்த்தேன். மேலே யாரோ காப்பித் தோட்டம் போட நினைத்துக் கைவிட்ட இடம் இருந்தது. அவர்கள் கொண்டுவந்து விட்டதாக இருக்க வேண்டும். ஒரு இலை கடித்தேன். மூக்கில் ஏறியது. ஏற்காட்டுத் துரையின் கரும்பு ஞாபகம் வந்தது.

அரிவாளோடு போய் ஒரு கட்டு அறுத்து வந்தேன். முகாமில் கீரை எப்படிச் சமைக்கிறோம்? விடியலில் அண்டாவில் போட்டு, நிறம் மாறாமல் இருக்கவும் சீக்கிரம் குழையவும் ஆப்பச்சோடா போட்டு, மதியம் வரைக்கும் அடுப்பிலேயே விடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். பச்சைப் பசேல் என்று கூழ் வந்தது. ஆட்கள் தட்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வைக்கோலும் உண்டா, தொட்டியில் கொட்டுவீர்களா தட்டிலேயே போடுவீர்களா என்று கேட்டார்கள். ராசப்பன் ஒருவன்தான் கேலி பேசாமல் தின்றான். மற்றவர்கள் ஒதுக்கியதையும் வாங்கித் தின்றான். ஆனி முடிந்து ஆடி பிறந்தது. சாம்பல் சிவப்பாகவே விழுந்தது.

பாவம், அவனுக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்ன துரை கதை அவனுக்கு ஞாபகம் இருந்தது. வேலை விட்டு வரும் வழியில் துறையில் குனிந்து, ஆடு மேய்வதைப் போலக் கீரையைப் பச்சையாகத் தின்று, தண்ணீரையும் குடித்துவிட்டு வந்திருக்கிறான். மறுநாள் மூக்கில் ரத்தம். உள்ளே ஏதோ நெளிகிறது என்று கத்திக்கொண்டு வந்தான்.

அந்த நேரம் வெள்ளையம்மாள் கிழங்குக் கூடையோடு முகாமுக்கு வந்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரி. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும் கொண்டுவருவாள். வாய் அவளுக்கு மிளகைவிடக் காரம். ராசப்பனைக் குந்த வைத்து, மூக்குக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இரு என்றாள். தண்ணீர் வாடைக்கு ஓர் அட்டை மூக்கிலிருந்து தலையை நீட்டியது. அதன் மேல் புகையிலைச் சாற்றை ஒரு சொட்டு விட்டுப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது.

"எங்க எருமை திங்கற கீரையில உங்களுக்கு என்ன சாமி வேலை?" என்று கேட்டாள்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான்தான் முழுக் கதையும் சொன்னேன். தரகர் என்றதும் அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, அந்தக் கீரையை அவர்கள் ஊரில் மனிதர் தின்பதில்லை என்றும், தின்றே தீருவது என்றால் மாடு இறங்கும் துறைக்குப் போகாமல் மேலே ஊற்றுக்கண்ணுக்குப் போங்கள் என்றும் சொன்னாள். அங்கேயும் அது படர்ந்திருக்கிறதாம். ஆனால் ஊற்றுக்கண் அவர்கள் ஊருக்குச் சாமி மாதிரி. செருப்போடு போகக் கூடாது. கால் நனையக் கூடாது. இரும்பு அங்கே படவே கூடாது. கரையில் உட்கார்ந்து எட்டும் மட்டும் கையால் கிள்ளிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"அருவாளோட உங்களைப் பாத்தா எங்க ஊர்க்காரங்க உங்களையே அறுத்துப்போடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் போனேன். கரையிலிருந்து கைக்கு எட்டியது கொழுந்துதான். முற்றிய தண்டு நடுத் தண்ணீரில் இருந்தது. எட்டியதைக் கிள்ளித் துண்டில் கட்டினால் அண்டாவுக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கொட்டகையில் அதை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். தம்பிகளே, நீங்களும் இப்படி உட்கார வேண்டியிருக்கும். கையில் கொஞ்சம் இருக்கும், சாப்பிடும் வாய்கள் நிறைய இருக்கும். ராசப்பனுக்கு மட்டும் கொடுத்துவிடலாம். ஆனால் மற்றவர்களுக்கும் ஈறில் ரத்தம் கசிகிறது. ஒருவனுக்கு மட்டும் தட்டில் தனியாக வைத்தால் அன்றோடு பந்தியில் சண்டை. எல்லோருக்கும் போடவேண்டும் என்றால் அண்டாவில் போட முடியாது, கரைந்து காணாமல் போய்விடும். பல்லில் கடிபட வேண்டும். அட்டையை நினைத்தால் பச்சையாகக் கொடுக்கவும் பயம்.

கடைசியில் உப்புத் தண்ணீரில் அலசி அலசி எடுத்தேன். ரசம் தளதளவென்று கொதிக்கும்போது அடுப்பிலிருந்து இறக்கி, கீரையை அதில் அமுக்கி உடனே மூடிவிட்டேன். சோடா போடவில்லை. போட நேரமே இல்லை. பந்தி உட்கார்ந்தாயிற்று. பரிமாறும்போது ஆளுக்குக் கொஞ்சம் இலை விழும்படி பார்த்து ஊற்றினேன். ராசப்பன் தட்டுக்கு மட்டும் கரண்டி ரசத்தின் அடிவரைக்கும் போய் வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று ஒருவரும் மாடு, வைக்கோல் என்று பேசவில்லை. "ரசத்துல என்னமோ சுறுக்குனு இருக்குதே" என்றார் மேஸ்திரி. இன்னொரு கரண்டி கேட்டார்.

தினமும் போனேன். கிள்ளக் கிள்ளக் கொழுந்து விட்டது. ஒரு வாரம் போயிருக்கும். காலையில் ஓடைக்கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்த ராசப்பன் துப்பியதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினான். என் வாழ்க்கையில் ஒருவன் எச்சிலை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றுதான். சாம்பல் வெறும் சாம்பலாகக் கிடந்தது. அடுத்தடுத்து மற்றவர்களும் வரிசையாக வந்து காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். போதும் என்று நான் ஓடவேண்டியதாகிவிட்டது.

உப்பும் பருப்பும் வாங்கக் கீழே இறங்கியபோது அடிவாரத்தில் ஒரு நர்ஸம்மாவிடம் இதைக் கேட்டேன். ஒருவேளை ஊற்றுக்கண் சாமிதான் காரணமோ என்று எனக்குள் இருந்தது. அவர் சிரிக்காமல் விளக்கினார். பச்சை இலையில் வைட்டமின் சி என்று ஒரு சத்து இருக்கிறது, அது இல்லாவிட்டால் ஈறு கசியும், பல் ஆடும், புண் ஆறாது. அந்தச் சத்துக்குச் சூடும் ஆகாது, சோடா அதைவிட ஆகாது. அண்டாவில் நான் நிறத்தைக் காப்பாற்றிவிட்டு உள்ளே இருந்ததை ஓட்டியிருக்கிறேன். இந்தக் கீரையில் அதோடு கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டியதும் உண்டு. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, முருங்கைக்கீரை எது கிடைத்தாலும் ஈறுக்கு இதே வேலையைச் செய்யும் என்றார். ஆடு மாடு இறங்கும் தண்ணீரில் இருப்பதைப் பச்சையாகத் தின்றால் அட்டையோடு நிற்காது, வயிற்றுக்குள் புழுவும் போகும் என்று பயமுறுத்தியும் அனுப்பினார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

"மருந்துன்னு சொல்லிப் போடாதீங்க. சாப்பாடுன்னு போடுங்க. மருந்துன்னா ஒருத்தரும் ரெண்டாவது தடவை கேக்கமாட்டாங்க."

ஆடிப் பதினெட்டு வந்தது. காலையிலிருந்தே மலைப்பாதையில் கூட்டம். கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தரகர் வந்தார். பச்சைத் துண்டு, கக்கத்தில் குடை, நெற்றி நிறைய விபூதி. தற்செயலாக வந்தவரைப் போல, "ஏனுங்க, குடிக்கத் தண்ணி கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். நாங்களும் தற்செயலாகப் பார்த்தவர்களைப் போல ஆச்சரியப்பட்டு உட்காரச் சொன்னோம். ராசப்பனுக்கு எதிரே இலை போட்டேன்.

ராசப்பனின் ஈறு அதற்குள் கெட்டியாகிவிட்டது. முன்தினம் பாக்கை உடைத்துக்கூடக் காட்டினான். ஆனால் வாயை மூடியே இருந்து அவனுக்குப் பழகிவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு, கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். வேலை எப்படி என்றார், தலை. மழை அதிகமா என்றார், தலை. நான் அவன் காலை மிதித்தேன். அதற்கும் தலையை ஆட்டினான். தரகர் முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஆடியில் வெளிப்படையாக ஒன்றும் கேட்க முடியாது, இல்லாவிட்டால் என்ன குறை என்று கேட்டிருப்பார். நான் ரசத்தோடு போனபோது காதோரம் கேட்டார்.

"இந்தத் தம்பி எப்பவுமே இப்படித்தானுங்களா? சிரிச்ச மொகம்னு எங்க ஊட்ல சொன்னாங்களேன்னு பாக்கறன்."

பல்லுக்குப் பயந்து இவ்வளவு பாடுபட்டோம். இப்போது பல் இருந்தும் காரியம் கெடப் போகிறது. நானே ஏதாவது வேடிக்கை சொல்லி அவனைச் சிரிக்கவைக்கலாம் என்றால் அது எனக்கு வராத வேலை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தரகர் இலையில் ரசத்தை ஊற்றி, கீரையைத் தாராளமாகப் போட்டேன். நன்றாகச் சாப்பிட்ட மனிதர் சீக்கிரம் எழமாட்டார். எழாமல் இருந்தால் ஏதாவது வழி பிறக்கும்.

அவர் ஒரு வாய் வைத்தார். மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு வாய் வைத்தார். "அட, என்ன கீரைங்க இது?" என்றார்.

வெள்ளையம்மாள் அன்று கோவிலுக்குப் போகிறவர்களுக்குக் கிழங்கு விற்றுவிட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பதில் சொல்லுமுன் அவள் சொல்லிவிட்டாள்.

"அதுங்களா? எங்க எருமைக்குப் போக மீதிங்க."

மேஸ்திரி கை சோற்றிலேயே இருந்தது. விருந்தாளிக்கு எருமைத் தீனி. தரகர் மென்றுகொண்டிருந்ததை நிதானமாக விழுங்கினார். வாசல் பக்கம் திரும்பினார். தொழில் முகத்தோடு கேட்டார்.

"அப்படீங்களா? எருமை வேளைக்கு எத்தனை படி கறக்குதுங்க?"

முதலில் ஒரு கனைப்புக் கேட்டது. பிறகு ராசப்பன் உடைந்துவிட்டான். தலையைப் பின்னால் சாய்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வளைவு வரைக்கும் கேட்கும் அந்தப் பழைய சிரிப்பு. வாய் முழுக்கத் திறந்திருந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. தரகர் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அவன் வாய்க்குள் முன்பல்லிலிருந்து கடைவாய் வரைக்கும் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பார்த்து முடித்த பிறகுதான் அவரும் சிரித்தார்.

கை கழுவியதும் வெள்ளையம்மாளிடம் போய் உட்கார்ந்து, எருமையைக் கொடுக்கிற எண்ணம் உண்டா என்று கேட்டார்.

"வந்த காரியத்தைப் பாருங்க சாமி" என்றாள் அவள். "எருமையைக் கேக்காதீங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டார். ராசப்பன் பாதை வரைக்கும் கூட நடந்தான். அவனிடம் போய்ட்டு வாரேன் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆடியில் சொல்லக்கூடாது. பத்தடி போனவர் நின்று, அவனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சமையக்காரரே, ஆவணில உங்களுக்கு வேற வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன்.

"அந்த ரசம் ஒண்ணு வெக்கோணும். கீரையை ஈரத் துணியில சுத்திக் கொண்டாந்துருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆவணியில் இறங்கினேன். துணி காயாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ரசத்தை இறக்கிவைத்து, கீரையைப் போட்டு மூடும்போதே மாப்பிள்ளை சிரிப்பது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. பந்தலுக்குப் போய்ப் பார்த்தேன். பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ அடுப்பு. கீரை எதுவானாலும் நான் கடைசியில்தான் போடுவேன். பரிமாறிய பிறகு அடுப்படிக்குப் போகாமல் பந்திக்கு எதிரே போய் நிற்பேன். சாப்பிடுகிறவர்கள் வாயைத் திறந்து சிரிக்கிறார்களா என்று பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.